எம்.எஸ். உள்ளவருக்குத் துணையிருப்பது: அட்டாக்கா, வெப்பமா என்று பிரித்தறியும் முறை

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ்., உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே மூளையையும் தண்டுவடத்தையும் கண் நரம்பையும் தாக்கும் நோய். நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மயலின் உறை அங்கங்கே சிதைவதால் நரம்புச் செய்தி தாமதமாகிறது, சில இடங்களில் நின்றே போகிறது. சிதைந்த இடத்தைப் பொறுத்து ஒருவருக்குக் கண் மங்கும், இன்னொருவருக்குக் கால் மரத்துப்போகும். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்குகிறது, பெண்களுக்கே அதிகம் வருகிறது. இது தொற்றாது. திருமணத்துக்கும் குழந்தைப்பேற்றுக்கும் இது தடையில்லை. ஆனால் சில மருந்துகள் கருவைப் பாதிக்கும் என்பதால், கருத்தரிக்கத் திட்டமிடும்போதே நரம்பியல் மருத்துவரிடம் பேசிவிட வேண்டும்.

நேற்று நன்றாக நடந்தவர் இன்று தடுமாறினால் வீடே பதறும். அது புதிய அட்டாக்காக, அதாவது மயலின் உறை புதிதாகத் தாக்கப்படுவதால் வரும் பாதிப்பாக, இருக்கலாம். பழைய பாதிப்பே வெப்பத்தாலோ கிருமித் தொற்றாலோ மறுபடி தலைகாட்டுவதாகவும் இருக்கலாம். மயலின் இழந்த நரம்பு, உடல் வெப்பம் அரை டிகிரி ஏறினாலே தடுமாறும். வெந்நீர்க் குளியல், அடுப்படிச் சூடு, மே மாத வெயில், காய்ச்சல் எதுவும் போதும். ஊதாஃப் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் 1890இலேயே இதைப் பதிவு செய்தார். உடல் குளிர்ந்ததும் இது தணிந்துவிடும், நரம்புக்குப் புதிய சேதம் ஏற்படாது.

எனவே இந்த வரிசையில் பாருங்கள்:

1. தெர்மாமீட்டர் வைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று பாருங்கள்.
2. மின்விசிறி அல்லது ஏசி இருக்கும் அறையில் உட்காரவைத்து, கழுத்திலும் மணிக்கட்டிலும் ஈரத்துண்டு போட்டு, குளிர்ந்த தண்ணீரைச் சிறிது சிறிதாகக் குடிக்கக் கொடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் நடக்கச் சொல்லுங்கள்.
3. சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். எம்.எஸ். உள்ளவருக்கு உணர்ச்சி குறைந்திருந்தால் தொற்று இருந்தும் எரிச்சல் தெரியாமல் போகும். நாற்றம், கலங்கல், அடிக்கடி போவது ஆகியவற்றையும் கவனியுங்கள்.
4. காய்ச்சலோ தொற்றோ இல்லாமல், புதிய தொந்தரவு 24 மணி நேரத்துக்கு மேல் விடாமல் நீடித்தால் அது அட்டாக்காக இருக்கலாம். மருத்துவரை அழையுங்கள்.

சில அறிகுறிகளுக்கு 24 மணி நேரம் காத்திருக்கவே கூடாது. கண்ணை அசைக்கும்போது வலியும் பார்வைக் குறைவும், சிறுநீர் அடைப்பு, இரண்டு கால்களும் சட்டென்று வலுவிழப்பது, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் என்றால் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். வாய் கோணுவதும் பேச்சு குழறுவதும் திடீரென வந்தால் ‘எம்.எஸ்.தானே’ என்று விட்டுவிடாதீர்கள். எம்.எஸ். உள்ளவருக்கும் பக்கவாதம் வரும்.

அறிகுறிகளை ஒரு குறிப்பேட்டில் எழுதிவாருங்கள். அதில் ‘முடியவில்லை’ என்று மட்டும் எழுதினால் மருத்துவருக்குப் பயன்படாது. ‘செவ்வாய் காலை முதல் வலது கால் செருப்பு நழுவுகிறது, நழுவுவது அவருக்கே தெரியவில்லை’ என்று எழுதுங்கள். கண்ணில் சந்தேகம் வந்தால் ஒரு குங்குமச் சிமிழைக் காட்டி, ஒரு கண்ணை மூடி மற்றதால் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கண்ணில் மட்டும் சிவப்பு வெளிறித் தெரிந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அட்டாக் உறுதியானால் பெரும்பாலும் மெத்தில் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டைத் தினம் 1 கிராம் வீதம் 3 முதல் 5 நாள் டிரிப்பில் ஏற்றுவார்கள். தூக்கம் கெடும், வாயில் உலோகச் சுவை வரும், சர்க்கரை ஏறும். சர்க்கரை நோயாளிகளுக்கு அந்த நாள்களில் அடிக்கடி சோதிக்க வேண்டும். தொற்று இருக்கும்போது ஸ்டீராய்டு போட்டால் தொற்று முற்றலாம். மூன்றாவது படியை வலியுறுத்துவது அதனால்தான்.

ஸ்டீராய்டு குணமாவதை விரைவாக்கும், அடுத்த அட்டாக்கைத் தடுக்காது. அட்டாக்குகளைக் குறைப்பது தொடர்ந்து எடுக்கும் மருந்துதான். அதன் பலன் நேரடியாகக் கண்ணுக்குத் தெரியாது என்பதால், ‘இப்போது நன்றாகத்தானே இருக்கிறது’ என்று நிறுத்துபவர்கள் பலர். சில மருந்துகளை, குறிப்பாக ஃபிங்கோலிமாடை, சட்டென்று நிறுத்தினால் நோய் முன்பைவிடக் கடுமையாகத் திரும்பலாம். தசை இறுக்கத்துக்குத் தரும் பாக்லோஃபெனும் அப்படித்தான், திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். மாத்திரை தீருவதற்கு ஒரு வாரம் முன்பே வாங்கி வைப்பது துணையிருப்பவர் ஏற்கக்கூடிய பொறுப்பு. எந்தத் தடுப்பூசி போடுவதற்கு முன்பும் நரம்பியல் மருத்துவரைக் கேளுங்கள், சில மருந்துகளோடு உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகள் கூடாது.

வெளியே தெரியாத தொந்தரவு சோர்வுதான், உறவுகளைக் கசக்கவைப்பதும் அதுவே. நன்றாகத் தூங்கி எழுந்தவரும் மதியத்துக்குள் துவண்டுவிடுவார். அது சோம்பல் இல்லை. கனமான வேலைகளைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். சமையல்மேடை அருகிலும் குளியலறையிலும் ஒரு ஸ்டூல் போடுங்கள். களைத்த பிறகு படுப்பதைவிட, களைப்பதற்கு முன்பே 20 நிமிடம் படுப்பது நல்லது. இரவில் சிறுநீருக்கு எழுந்து தூக்கம் கெடுவது, ரத்தசோகை, தைராய்டு, மனச்சோர்வு ஆகியவையும் களைப்பைக் கூட்டும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு, கேட்டு வாங்குங்கள். மிதமான உடற்பயிற்சி நோயைக் கூட்டாது, குளிர்ந்த நேரத்தில் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

சிறுநீர் அவசரத்துக்குப் பயந்து தண்ணீரைக் குறைக்காதீர்கள். தொற்றும் மலச்சிக்கலும்தான் மிஞ்சும். பகலில் போதுமான அளவு குடித்துவிட்டு மாலைக்குப் பின் குறைத்துக்கொள்ளலாம். மரத்த காலுக்கு வெந்நீர் ஒத்தடம் வேண்டவே வேண்டாம், தோல் வெந்துபோவது அவருக்குத் தெரியாது. குளியலறையில் கைப்பிடிக் கம்பியும் ரப்பர் விரிப்பும் அவசியம்.

இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் எம்.எஸ்.ஸைத் தனி ஊனமாகவே பட்டியலிட்டிருக்கிறது. 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் என்று சான்று கிடைத்தால் அரசு உயர்கல்வி நிறுவனங்களில் இடஒதுக்கீடு போன்றவற்றுக்கு விண்ணப்பிக்கலாம். மதிப்பீட்டுக்குப் போகும்போது எம்.ஆர்.ஐ. அறிக்கைகள், மருந்துச் சீட்டுகளோடு அந்தக் குறிப்பேட்டையும் எடுத்துச் செல்லுங்கள். நல்ல நாளில் போனால் சோர்வும் சிறுநீர்த் தொந்தரவும் கண்ணுக்குத் தெரியாது, கேட்காமலேயே சொல்லிவிடுங்கள்.