ஸ்டாட்ஸ் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எழுதுறது எப்படி

முதல்ல உங்க கேள்விய ஒரே வரியில எழுதிடுங்க, டேபிள் கிராஃப் எல்லாம் அதுக்கப்புறம்தான். ஐரிஸ்ங்கிற பூவோட டேட்டா எடுக்குறீங்கன்னு வச்சுக்கோங்க, 1936ல ஸ்டாட்ஸ் அறிஞர் ஃபிஷரோட பேப்பர்ல வந்தது, 3 வகைப் பூ, வகைக்கு 50, அளவெல்லாம் சென்டிமீட்டர்ல. இந்த விவரத்த மெத்தட்ஸ்ல ஒரு பாராவுல முடிச்சிடலாம்.

ரிசல்ட்ஸ்லதான் மெனக்கெடணும். புல்லி இதழோட நீளத்துக்கும் அகலத்துக்கும் கோரிலேஷன் (ரெண்டும் சேந்து ஏறுதா, ஒண்ணு ஏற ஒண்ணு இறங்குதான்னு -1லேருந்து 1 வரைக்கும் சொல்ற நம்பர்) போட்டா மொத்தமா -0.12 வரும், பி வேல்யூ (நிஜத்துல தொடர்பே இல்லன்னாலும் தற்செயலா இவ்வளவோ இதுக்கு மேலயோ வர்ற வாய்ப்பு) 0.15, உடனே தொடர்பே இல்லன்னு எழுதிடாதீங்க ப்ளீஸ், வகை வகையா பிரிச்சுப் பாத்தா செட்டோசாவுல 0.74, வெர்சிகலர்ல 0.53, வர்ஜினிகாவுல 0.46, மூணுமே பாசிட்டிவ்! அதனால ஸ்கேட்டர் ப்ளாட்ல மூணு வகைக்கும் மூணு கலர் குடுங்க, ஏன் மாறுதுன்னும் கீழயே சொல்லுங்க (செட்டோசாவுக்கு நீளம் கம்மி அகலம் ஜாஸ்தி, அதான் மொத்தமா சேத்தா கோடு கீழ சாயுது). ரிப்போர்ட்ல எனக்கு ரொம்பப் பிடிச்ச இடமே இதுதான்.

சாஃப்ட்வேர் பி வேல்யூ 0.000ன்னு காட்டினா அப்படியே ஒட்டாம 0.001க்கு கம்மின்னு எழுதுங்க. ப்ரோக்ராம் கோடு, அவுட்புட் எல்லாம் அப்பெண்டிக்ஸ்ல போட்டுடுங்க. அப்ஸ்ட்ராக்ட் முதல் பக்கத்துல வந்தாலும் எழுதுறது கடைசியா எழுதுங்க, அப்பதான் உள்ள இருக்குற நம்பரும் அதுல இருக்குற நம்பரும் ஒத்துப்போகும்.