இங்கிலாந்து ஊர் சர்ச்சுக்கு வயசு கண்டுபிடிக்கிறது எப்படி

சேலத்துல இருந்து இங்கிலாந்துக்குப் புள்ளைங்க வீட்டுக்குப் போறவங்க இப்ப நிறைய பேரு, லண்டன சுத்திப் பாத்துட்டு திரும்பிடுறாங்க, ஆனா புள்ளைங்க இருக்கிற ஊருக்குப் பக்கத்துலயே எண்ணூறு வருஷத்து சர்ச் ஒண்ணு நிக்கும், அத தயவுசெஞ்சு விட்டுடாதீங்க.

போன உடனே உள்ள நுழையாதீங்க, வெளிய ஒரு சுத்து வாங்க. டவர் பெரும்பாலும் மேற்கால, ஆல்டர், அதாவது பூசை மேடை, கிழக்கால. ஜனங்க கூடுற பெரிய பகுதி நேவ், ஆல்டர் இருக்கிற சின்ன பகுதி சான்சல், நம்ம தாரமங்கலம் கோயில்ல மண்டபம் தாண்டி கருவறை வர்ற மாதிரி. அந்தக் காலத்துல நேவ் ரிப்பேர் ஊர்க்காரங்க பொறுப்பு, சான்சல் பாதிரியார் பொறுப்பு, அதனால ஒரே கட்டடத்துல ஒண்ணு பெருசா மாத்திக் கட்டியிருக்கும், இன்னொண்ணு பழசாவே இருக்கும்.

அடுத்து ஜன்னல். மேல அரைவட்டமா, சுத்தி ஜிக்ஜாக் செதுக்கலோட இருந்தா நார்மன், அதாவது பிரான்ஸ்ல இருந்து நார்மன்காரங்க வந்து இங்கிலாந்தப் புடிச்ச 1066க்கு அப்புறம் வந்த ஒரு நூறு வருஷம் சொச்சம். ஒல்லியா ஈட்டி மாதிரி கூரா இருந்தா 1200 வாக்குல. ஜன்னல் தலையில கல்லையே வளைச்சு நெளிச்சு பூவா எலையா செதுக்கியிருந்தா 1300 பக்கம். கீழ இருந்து உச்சி வரைக்கும் கல் கம்பிங்க நேரா ஓடி, ஜன்னலே செவுத்த முழுங்குற அளவு அகலமா இருந்தா 1350க்குப் பின்னாடி, இந்தக் கடைசி ஸ்டைலுக்கு பெர்பெண்டிகுலர்னு பேரு. பேரெல்லாம் தாமஸ் ரிக்மன்னு ஒரு கட்டடக் கலைஞர் 1817ல வச்சது, கட்டுன கொத்தனாருங்களுக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது.

ஆனா ஜன்னல மட்டும் நம்பி செவுத்துக்கு வயசு சொல்லிடாதீங்க. பழைய செவுத்த ஒடைச்சு புது ஜன்னல் வைக்கிறது அங்க சகஜம். டவரோட கிழக்குப் பக்கம் அண்ணாந்து பாருங்க, கூரைக்கு மேல கூம்பு மாதிரி ஒரு கல் கோடு தெரிஞ்சா, பழைய கூரை அவ்வளவு உசரமா, செங்குத்தா இருந்திருக்குன்னு அர்த்தம்.

உள்ள போனதும் ரெண்டு பக்கத் தூண் வரிசையயும் பாருங்க, ஒரு பக்கம் அரைவட்ட ஆர்ச், மறுபக்கம் கூர் ஆர்ச்சுன்னா ரெண்டு பக்கமும் வேற வேற காலத்துல விரிவாக்குனது. சான்சல் ஆரம்பிக்கிற எடத்துல செவுத்து உசரத்துல சின்னதா ஒரு கதவு இருக்கும், அதுல எறங்குனா கால் வைக்க எடமே இருக்காது. அங்க முன்னாடி சிலுவை வச்ச மர மாடம் குறுக்கால இருந்துச்சு, 1500கள்ல மத சீர்திருத்தம் வந்தப்ப பிரிச்சுட்டாங்க, படிக்கட்டு மட்டும் செவுத்துக்குள்ள தங்கிடுச்சு. எனக்கு இந்தக் கதவுதான் ரொம்பப் புடிக்கும்.

ஏற்காட்டுலயும் சேலத்துலயும் வெள்ளக்காரங்க காலத்து சர்ச்சுங்கள்ல கூர் ஆர்ச் பாத்திருப்பீங்க, அது 1800கள்ல அந்தப் பழைய ஸ்டைல திரும்பக் கட்டுனது. இதே காலத்துல இங்கிலாந்துலயும் பழைய சர்ச்சுங்கள புதுப்பிச்சாங்க, அதனால செதுக்கல் முனை மழுங்காம ரொம்ப ஷார்ப்பா, எல்லாக் கல்லும் ஒரே அளவா இருந்தா கொஞ்சம் சந்தேகப்பட்டே பாருங்க.