மழுங்கத் தொடங்கிய கத்தியைக் கைடட் ஷார்ப்பனரில் லேசாகத் தீட்டுவது எப்படி?

மாங்காய் சீசனில் கிருஷ்ணகிரிப் பக்கம் சமையலறைக் கத்திக்கு ஓய்வே இருக்காது. பெங்களூராவைப் பத்தை போடுவது, ஊறுகாய்க்கு நறுக்குவது என்று ஓடி, ஜூன் பிறப்பதற்குள் தக்காளித் தோலில் கத்தி வழுக்க ஆரம்பித்துவிடும். இந்த அளவு மழுங்கலுக்குச் சாணைச் சக்கரம் தேவையில்லை. அரிவாளுக்கும் கறிக்கத்திக்கும் சக்கரம் சரி. மெல்லிய காய்கறிக் கத்தியிலோ அது தேவைக்கு மேல் இரும்பைத் தின்றுவிடும். சூடேறி விளிம்பு நீலம் பாய்ந்தால் அந்த இடத்தின் கடினத்தன்மையும் போய்விடும்.

கைடட் ஷார்ப்பனர் என்பது எளிய கருவி. கிளாம்ப் கத்தியின் முதுகைப் பிடித்துக்கொள்ளும். கல் ஒரு கம்பியில் மாட்டியிருக்கும். கம்பி ஒரு துளை வழியாகப் போவதால் கல் எப்போதும் ஒரே சாய்வில் உரசும். கையால் கோணம் பிடிக்கப் பல மாதப் பழக்கம் வேண்டும். இதில் அந்த வேலையைக் கம்பி பார்த்துக்கொள்கிறது.

எடுத்து வையுங்கள்

1000, 3000 கிரிட் கற்கள் (கிரிட் எண் கூடக் கூடக் கல் மென்மை, குறையக் குறையச் சொரசொரப்பு), கருப்பு பெர்மனென்ட் மார்க்கர், மாஸ்கிங் டேப், கொஞ்சம் தண்ணீர், பருத்தித் துணி, பழைய தோல் பெல்ட் ஒன்று. விளிம்பில் கண்ணுக்குத் தெரியும் பல் (சிறு உடைசல்) விழுந்திருந்தால் மட்டும் 400 கிரிட். லேசாகத் தீட்டும்போது 400-இல் தொடங்குவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. ஒரு வருடத்தில் தேய வேண்டிய இரும்பு ஒரே நாளில் போய்விடும்.

கல்லுக்குச் சமையல் எண்ணெய் வேண்டாம். அது பிசுபிசுத்துத் துளைகளை அடைத்துவிடும்.

முதலில் டார்ச் சோதனை

கத்தியைக் கழுவித் துடைத்து, விளிம்பு மேலே பார்க்கும்படி பிடித்து, மொபைல் டார்ச்சை அதன்மேல் காட்டுங்கள். கூரான விளிம்பு வெளிச்சத்தில் தெரியவே தெரியாது. மழுங்கிய இடம் வெள்ளைக் கோடாக மின்னும். எங்கே மின்னுகிறது என்று பார்த்து வையுங்கள். கடைசியில் அந்தக் கோடு மறைந்திருக்க வேண்டும்.

கிளாம்ப்

கத்தி முதுகில் ஒரு சுற்று மாஸ்கிங் டேப் ஒட்டிப் பிடித்தால் கீறலும் விழாது, கத்தி நழுவவும் செய்யாது. இறுக்கிய பின் கத்தியை விரலால் அசைத்துப் பாருங்கள். துளி ஆடினாலும் கோணம் மாறிவிடும்.

மார்க்கர்: இதில்தான் வேலையே இருக்கிறது

விளிம்பை ஒட்டி இருபுறமும் ஏற்கெனவே இருக்கும் சரிவில் கல் அப்படியே படிந்தால்தான் பத்து இழுப்பில் வேலை முடியும். இரண்டு டிகிரி தவறினாலும், கல் எங்கோ தேய்த்துக்கொண்டிருக்கும், விளிம்பைத் தொடவே தொடாது. கடையில் கிடைக்கும் பெரும்பாலான ஸ்டீல் கத்திக்குப் பக்கத்துக்கு 20 டிகிரியில் தொடங்கிப் பாருங்கள். சரிவு முழுவதும் இருபுறமும் மார்க்கர் பூசி, 1000 கிரிட் கல்லால் அழுத்தாமல் இரண்டே இழுப்பு இழுத்துவிட்டு நிறுத்துங்கள்.

மை சரிவின் மேல்பகுதியில் மட்டும் போய், விளிம்பில் கருப்பு அப்படியே நின்றால் கோணம் குறைவு, ஏற்றுங்கள். விளிம்பை ஒட்டி மயிரிழை அளவு மட்டும் போயிருந்தால் கோணம் அதிகம், இறக்குங்கள். சரிவு முழுக்கச் சீராகப் போனால் சரி. நடுவில் சரியாக இருந்து, வளைந்த நுனியில் மட்டும் விளிம்பு கருப்பாக நின்றால் கிளாம்பை நுனிப் பக்கம் இரண்டு சென்டிமீட்டர் நகர்த்திப் பிடியுங்கள். வளைவில் விளிம்பு துளையிலிருந்து விலகிப் போவதால் அங்கே கோணம் படுத்துவிடுகிறது; காரணம் அவ்வளவுதான்.

தீட்டுதல்

கல்லில் நாலைந்து சொட்டுத் தண்ணீர். கல் விளிம்பிலிருந்து முதுகை நோக்கிப் போக வேண்டும், பிடிப் பக்கம் தொடங்கி நுனி வரை. கல்லைப் பிடித்த விரல்கள் கல்லின் கைப்பிடியைத் தாண்டக்கூடாது. அழுத்தம் கல்லின் எடைக்குச் சற்றே கூடுதலாக இருந்தால் போதும். நுனியில் கல் முழுதாக வெளியே போய்விடாமல் பாதிக் கல் கத்திமேல் இருக்கும்போதே நிறுத்துங்கள். இல்லையென்றால் நுனி உருண்டுவிடும்.

பத்து இழுப்பு ஆனதும் பிசிறைத் தேடுங்கள்; கல் தேய்த்ததில் விளிம்பின் மறுபக்கம் மடிந்து நிற்கும் மெல்லிய இரும்பு இழைதான் பிசிறு. கட்டைவிரலை எதிர்ப் பக்கத்தில் வைத்து, முதுகிலிருந்து விளிம்பை நோக்கி வெளியே தடவுங்கள். விளிம்போடு நீளவாக்கில் ஒருபோதும் தடவாதீர்கள். நகத்தில் மாட்டும் மெல்லிய சொரசொரப்பு பிடியிலிருந்து நுனி வரை அறுபடாமல் வந்தால், அந்தப் பக்கம் கல் விளிம்பை எட்டிவிட்டது என்று பொருள். ஓரிடத்தில் விட்டுப்போனால் அங்கே மட்டும் இன்னும் ஐந்து இழுப்பு. பிறகு கத்தியைத் திருப்பி மறுபக்கமும் அதே மாதிரி.

அடுத்து 3000 கிரிட். கல் மாறினால் மார்க்கரை இன்னொரு முறை பூசிச் சரிபாருங்கள். துளைக்கும் விளிம்புக்கும் 15 செ.மீ. தூரம் இருந்தால், கல்லின் தடிமன் 1 மி.மீ. கூடினாலே கோணம் ஏறக்குறைய 0.4 டிகிரி நகரும். பக்கத்துக்கு எட்டு இழுப்பு, பின் இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றிப் பத்து. ஒவ்வொரு இழுப்பிலும் அழுத்தம் குறைந்துகொண்டே வர வேண்டும்.

"தீட்டிய அன்று பிளேடு மாதிரி இருந்தது, மறுநாளே போச்சு" என்பதற்குக் காரணம் பெரும்பாலும் உதிராத பிசிறுதான். அன்று வெட்டியது விளிம்பு இல்லை, அதில் ஒட்டிக்கொண்டிருந்த பிசிறு. அதனால் பெல்ட்டை மேசையில் இழுத்துப் பிடித்து, உட்புறத்து மென்தோலில் முதுகு முன்னால் போகும்படி பக்கத்துக்குப் பத்து முறை இழுங்கள். கூர் முன்னால் போனால் தோல் அறுந்துவிடும்.

டார்ச்சில் கோடு மறைந்ததா பாருங்கள். பிறகு நன்கு பழுத்த ராயக்கோட்டைத் தக்காளி ஒன்றின்மேல் கத்தியை வைத்து, அழுத்தாமல் இழுங்கள். தோல் உள்வாங்காமல் பிளந்தால் வேலை முடிந்தது.

சீக்கிரம் மழுங்குகிறதா?

நம் மாவட்டத்தில் கிரானைட் மேடை இல்லாத சமையலறை குறைவு. அதன்மேல் நேராக வைத்து நறுக்காதீர்கள்; கிரானைட்டில் இருக்கும் குவார்ட்ஸ் கத்தி இரும்பைவிடக் கடினம், ஒரே தட்டில் விளிம்பு மடங்கும். மரப்பலகை போதும். ஊறுகாய் மாங்காயைக் கொட்டையோடு பிளக்க அரிவாள்மனையைப் பயன்படுத்துங்கள். பல் வைத்த பிரெட் கத்தியை இந்தக் கருவியில் மாட்டவே வேண்டாம்.

கற்களைக் கழுவித் துடைத்து நிழலில் உலர்த்துங்கள். போர்வெல் தண்ணீர் என்றால் துடைக்காமல் விட்ட கல்லில் வெள்ளை உப்பு படியும். கோணம் எத்தனை, பிடியிலிருந்து எத்தனை சென்டிமீட்டரில் கிளாம்ப் என்பதைக் கருவிப் பெட்டியின் மூடியில் டேப் ஒட்டி எழுதி வையுங்கள். அடுத்த முறை மார்க்கர் சோதனை ஒரே தடவையில் முடிந்துவிடும்.