நிலவில் எரிமலைத் தடம் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெலஸ்கோப்பில் வட்டக் குழியைப் பார்த்ததும் எரிமலை வாய் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். நிலவில் உள்ள குழிகளில் ஏறக்குறைய எல்லாமே விண்கற்கள் மோதி உண்டானவை.

வெறும் தோற்றத்தை நம்பி நிபுணர்களே ஏமாந்திருக்கிறார்கள். 1972 ஏப்ரலில் அப்பல்லோ 16 டெகார்ட் மேட்டுநிலத்துக்குப் போனதற்கு முக்கியக் காரணம், அங்கே எரிமலைப் பாறை கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு. படங்களில் அப்படித்தான் தெரிந்தது. விண்வெளி வீரர்கள் ஜான் யங்கும் சார்லஸ் டியூக்கும் இறங்கிப் பார்த்தால், மோதலில் நொறுங்கி மறுபடி ஒட்டிக்கொண்ட பாறைகள்தான் கிடந்தன. அதே ஆண்டு டிசம்பரில் அப்பல்லோ 17 போனபோது, விளிம்பு கறுத்த ஷார்ட்டி குழி எரிமலை வாயாக இருக்கலாம் என்று சந்தேகித்தார்கள். அங்கே ஆரஞ்சு நிற மண்ணும் கிடைத்தது! சுமார் 360 கோடி ஆண்டுகளுக்கு முன் பீறிட்ட எரிமலைக் குழம்பு துளித்துளியாக உறைந்த கண்ணாடி மணிகள் அவை. ஆனால் குழி என்னவோ விண்கல் தோண்டியதுதான். புதைந்து கிடந்ததை அது வெளியே கொண்டுவந்தது, அவ்வளவே.

சரி, எரிமலையின் வேலை எங்கே தெரிகிறது? வெறும் கண்ணுக்கே தெரியும் கருந்திட்டுகளில். அவை பெரிய மோதல் பள்ளங்களில் எரிமலைக் குழம்பு நிரம்பி உறைந்த சமவெளிகள். இங்கேயும் ஒரு குழப்பம் உண்டு: விண்கல் மோதிய சூட்டில் உருகிய பாறையே அந்தச் சமவெளி ஆனது என்று நினைப்பது. மோதல் பள்ளத்தைத்தான் உண்டாக்கியது. கதிரியக்க வெப்பத்தால் ஆழத்தில் உருகிய பாறை, பிளவுகள் வழியே பிற்பாடு மேலேறி, கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் பள்ளத்தை நிரப்பியது. 300 கோடி ஆண்டுகளுக்கு முன்பே எல்லாம் அடங்கிவிட்டது என்பதும் இப்போது செல்லாது. 2020-இல் சீன விண்கலம் சாங்இ 5 எடுத்துவந்த பசால்ட்டின் (எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறை) வயது சுமார் 200 கோடி ஆண்டுகள்தான்.

கூம்பு மலைகளையும் தேடாதீர்கள். நிலவின் எரிமலைக் குழம்பு பெரும்பாலும் நீர்த்தது, வெகுதூரம் ஓடிப் பரவும். ஈர்ப்பு குறைவு, காற்றும் இல்லை. பீறிட்ட துளிகள் வாயருகே குவியாமல் தொலைவில் போய் விழுந்தன. அதனால் மரியஸ் பகுதியில் இருப்பதுபோலத் தாழ்வான மேடுகளே அதிகம். பௌர்ணமியன்று நிழல் விழாது என்பதால் இவை கண்ணுக்குச் சிக்காது. ஒளியும் இருளும் சந்திக்கும் எல்லையருகே அவை வரும் நாளில் பாருங்கள். செங்குத்தான க்ரூய்ட்ஹூய்சன் மேடுகள் போன்ற சில விதிவிலக்கு. அவற்றில் சிலிக்கா அதிகம், அதனால் குழம்பு கெட்டியாகி ஓடிப் பரவவில்லை. பூமியில் அப்படிப்பட்ட குழம்பு உருவாக உதவும் நீரும் கண்டத்தட்டுகளும் இல்லாத நிலவில் அது எப்படி வந்தது என்பது இன்னும் புதிர்.

அப்புறம் பள்ளக்கோடுகள்: எல்லாமே எரிமலையின் வேலை அல்ல. அப்பல்லோ 15 இறங்கிய இடத்தருகே வளைந்து செல்லும் ஹாட்லி, குழம்பு ஓடிய தடம். நேர்கோடாகப் போகும் அரியடேயஸ், இரு பிளவுகளுக்கு நடுவே தரை இறங்கியதால் வந்தது.