புகார் மனுவில் நாம் மறைத்துவிடும் சொற்கள்

சாதிக் கொடுமைக்கு ஆளானவர்களுக்குப் புகார் மனு எழுதிக்கொடுக்க அண்மையில் வந்து சேர்ந்திருக்கும் இளைஞர்களின் மனுக்களைப் படிக்கும்போது, இருபது ஆண்டுகளுக்கு முன்பு நான் எழுதியவற்றையே மீண்டும் படிப்பதுபோல் இருக்கிறது. தேதி விடுபடுவது, கையெழுத்து வாங்க மறப்பது போன்றவை நாலைந்து மனுக்களில் தாமாகவே சரியாகிவிடும். வழக்கையே கவிழ்ப்பவை வேறு.

வசவை நாகரிகப்படுத்துவது

"எதிரி தகாத வார்த்தைகளால் திட்டினார்" என்ற வரியைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. டீக்கடை வாசல் பெஞ்சில் உட்கார்ந்ததற்காக ஒரு பெரியவரை, ஏழெட்டுப் பேர் நின்றிருக்க, சாதிப் பெயரைச் சொல்லி எழுப்பிவிட்டார்கள். அதை என்னிடம் சொல்லும்போதே அவருக்குக் குரல் தழுதழுத்தது. திரும்பவும் சொல்லச் சொல்லி அவரை நோகடிக்க மனமில்லாமல், நான் இதே வரியை எழுதிக் கையெழுத்து வாங்கினேன். பின்னாளில் அவர் கூண்டில் நின்று அந்தச் சொல்லை அப்படியே சொன்னபோது, புகாரில் இல்லாததை இப்போது சேர்க்கிறார் என்று எதிர்த்தரப்பு வாதிட்டது; எதிரி விடுதலையானார். பெரியவரின் மானத்தைக் காப்பதாக எண்ணி நான் அழித்தது அவருடைய சாட்சியத்தை.

1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 2016 முதல் நடைமுறையில் உள்ள அதன் திருத்தத்தின்படி, பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவதைத் தனிக் குற்றமாகவே வைத்திருக்கிறது. ஆகவே என்ன சொல், எந்த இடம், கேட்டவர்கள் யார் யார் என்ற மூன்றும் முதல் மனுவிலேயே இருந்தாக வேண்டும். வெளியார் எவரும் இல்லாத நான்கு சுவர்களுக்குள் நடந்த வசவு இந்தப் பிரிவில் வராது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் கூறியிருப்பதால், "கடையில்" என்று எழுதுவதற்கும் "கடை வாசலில், இன்னின்னார் முன்னிலையில்" என்று எழுதுவதற்கும் உள்ள தொலைவு மிகப் பெரியது. பாதிக்கப்பட்டவர் சொல்லத் தயங்கினால் காத்திருங்கள், தண்ணீர் கொடுங்கள், மறுநாளும் போங்கள். ஆனால் அவருக்குப் பதிலாக நீங்கள் ஒரு மென்மையான சொல்லைத் தேடாதீர்கள்.

எதிரியின் சாதியை விட்டுவிடுவது

எழுதுங்கள். எதிரி பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராதவர் என்பது இந்தச் சட்டத்தின் அடிப்படை.

சமாதானப் பேச்சுக்குத் தனியே அனுப்புவது

ஒருபோதும் கூடாது.

மனு ரசீதோடு திரும்பிவிடுவது

காவல் நிலையத்தில் தரும் மனு ரசீது முதல் தகவல் அறிக்கை ஆகாது. இச்சட்டத்தின்கீழ் வழக்குப் பதிய முன்விசாரணை தேவையில்லை என்று 2018இல் சேர்க்கப்பட்ட 18ஏ பிரிவு தெளிவாகச் சொல்கிறது. வாய்மொழியாகச் சொன்னதை எழுதிக்கொண்ட அலுவலர், கையெழுத்து வாங்கும் முன் அதைப் படித்துக் காட்டுவதும், அதன் நகலை உடனே தருவதும் 4ஆம் பிரிவின்படி அவருடைய கடமை. படித்துக் காட்டும்போது அந்தச் சொல் அப்படியே இருக்கிறதா என்று உன்னிப்பாகக் கேளுங்கள். இல்லையென்றால் திருத்தச் சொல்லிவிட்டுப் பிறகு கையெழுத்திடச் செய்யுங்கள்.