ஆர்கனுடன் பாடகர் குழுவைப் பழக்கும்போது

பாமாலைப் பாடலை நான்கு குரல்களில் பழக்கத் தொடங்கும் முதல் நாளிலேயே ஆர்கனை முழு ஓசையுடன் வாசிக்கச் செய்தால், நடுக்குரல்களான ஆல்டோவும் டெனரும் செய்யும் பிழைகளை அது மூடி மறைத்துவிடும். எட்டு அடி ஸ்டாப் (எழுதிய சுருதியிலேயே ஒலிக்கும் குழாய் வரிசை) ஒன்றை மட்டும் திறந்து, ஒவ்வொரு குரலுக்குரிய வரியையும் தனித்தனியே வாசித்துப் பழக்குங்கள். பிறகு வாத்தியமின்றி அனைவரையும் சேர்ந்து பாடவைத்து, இறுதிச் சுரத்தில் மட்டும் ஆர்கனை ஒலிக்கச் செய்தால், சுருதி எவ்வளவு விலகியது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும் (பெரும்பாலும் இறங்கியே இருக்கும்).

பியானோவின் ஒலி தானாகத் தேய்ந்துவிடும். ஆர்கனின் ஒலியோ விசையை அழுத்தியிருக்கும் வரை குறையாமல் நிற்கும். ஆகவே பாடகர்கள் மூச்செடுக்கும் இடங்களை ஆர்கனிஸ்டும் தம் பிரதியில் பென்சிலால் குறித்துக்கொண்டு, அங்கே கையைச் சற்று எடுக்க வேண்டும்.

பெரிய ஆலயங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்வதால், 30 மீட்டர் தொலைவிலுள்ள ஆர்கன் குழாய்களின் இசை சுமார் 0.09 விநாடி தாமதமாகவே பாடகர்களை எட்டும்; அதைக் கேட்டுப் பாடினால் பாட்டு இழுபடும் என்பதால், அவர்கள் நடத்துநரின் கையசைவையே பின்பற்ற வேண்டும்.