ஸ்டிக்கர் ஆர்டர்: ஃபைல் வந்ததிலிருந்து பார்சல் கட்டும் வரை

ஆர்டர் வந்ததும் மெஷினை ஓட்டிவிடக் கை பரபரக்கும். பொறுங்கள், முதலில் ஃபைலைத் திறந்து பாருங்கள். வாட்ஸ்அப்பில் வந்த லோகோ பெரும்பாலும் சுருங்கிப்போன படம்தான். போனில் பளிச்சென்று தெரியும்; அச்சில் எழுத்தின் ஓரமெல்லாம் பிசிறடிக்கும். எவ்வளவு பெரிதாக்கினாலும் பிசிறடிக்காத வெக்டர் ஃபைல் கேளுங்கள். கிடைக்காவிட்டால், அச்சாகும் அளவிலேயே 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) இருக்க வேண்டும். பின்னணி நிறத்தை வெட்டுக்கோட்டுக்கு வெளியே 2, 3 மி.மீ. நீட்டிவிடுங்கள். பிளேடு மயிரிழை விலகினாலும் வெள்ளை விளிம்பு எட்டிப் பார்க்காது.

அப்புறம் ப்ரூஃப், அதாவது அச்சுக்கு முந்தைய மாதிரியை, வாடிக்கையாளருக்கு அனுப்புங்கள். திரையில் ஜொலிக்கும் பச்சையும் ஆரஞ்சும் சிஎம்ஒய்கே-யில், அதாவது அச்சின் நான்கு நிற மையில், கொஞ்சம் மங்கும் என்பதை அப்போதே சொல்லிவிட வேண்டும். வாடிக்கையாளர் ‘சரி’ என்று எழுதி அனுப்பும்வரை நான் அச்சிடுவதில்லை.

அச்சு முடிந்தபிறகுதான் எனக்குப் பயமே. ஈகோ சால்வென்ட் மை (கரைப்பான் கலந்த மை) தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும்; உள்ளே சால்வென்ட் ஆவியாகிக்கொண்டேதான் இருக்கும். ஆரம்பத்தில் ஒருமுறை அவசரம் என்று அன்று மாலையே லேமினேஷன் போட்டு அனுப்பினேன். சில நாளில் ஸ்டிக்கர்களின் ஓரம் காய்ந்த சருகு போலச் சுருண்டுவிட்டது. மொத்தத்தையும் மறுபடி அடித்துக் கொடுத்தேன். ரோலைத் தளர்வாகச் சுற்றி, காற்றோட்டமான இடத்தில் நிமிர்த்தி, 24 மணி நேரமாவது விடுங்கள். இந்த ஒரு நாளையும் சேர்த்தே டெலிவரி தேதி சொல்லுங்கள். மையைச் சூட்டிலோ புற ஊதா ஒளியிலோ உடனே உலர்த்தும் லேடெக்ஸ், யுவி மெஷின் என்றால் இந்தக் காத்திருப்பு தேவையில்லை.

அடுத்தது கட்டிங். ஷீட்டாகக் கொடுக்கும் ஸ்டிக்கருக்கு கிஸ் கட், அதாவது வினைல் (ஸ்டிக்கரின் பிளாஸ்டிக் மேல்தாள்) மட்டும் வெட்டுப்பட வேண்டும். பின்தாள் முழுசாக இருக்க வேண்டும். முதலில் ஓரத்தில் ஒரு சின்னச் சதுரம் வெட்டி உரித்துப் பாருங்கள். பின்தாளில் நகம் பட்டதுபோல லேசான கீறல் தெரிந்தால் அழுத்தம் சரி. கீறலே இல்லையென்றால் ஸ்டிக்கர் உரியாது. பின்தாள் கிழிந்தால் அழுத்தம் அதிகம். லேமினேஷன் மாற்றினால், பிளேடு மாற்றினால், இந்தச் சோதனையை மறுபடி செய்யுங்கள். பளபளப்பான லேமினேஷன் மேல் எங்கே வெட்டுவதென்று மெஷினுக்குக் காட்டும் ரெஜிஸ்ட்ரேஷன் குறியை சென்சார் சில நேரம் தவறவிடும். குறி இருக்கும் இடத்தில் மட்டும் மேட் டேப் ஒட்டினால் பிடித்துக்கொள்ளும்.

எண்ணும்போது கறை, கோடு விழுந்ததைக் கழித்துவிடுங்கள். அதற்காகவே சில பிரதிகள் கூடுதலாக அடிக்க வேண்டும். மடியாமல் அட்டைக்கு நடுவில் வைத்து பார்சல் கட்டுங்கள். ஒரு ஸ்டிக்கரை ஆர்டர் தாளில் ஒட்டி, வினைல், லேமினேஷன் விவரத்தோடு ஃபைல் செய்துவையுங்கள். அதே ஆள் மறுபடி கேட்கும்போது, அதே நிறத்தைக் கொண்டுவர அந்தத் தாளைத்தான் தேடுவீர்கள்.